அம்புக்குறி எந்தப் பக்கம்?

இன்று மதியம் மகளுக்குக் காலாப்பட்டில் வேலைக்கான இன்டர்வியூ. எங்கள் பழைய காரோ ஒரு வாரமாகப் பாலம் ஏறும்போதெல்லாம் திணறுகிறது. பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி, காலையில் வீட்டு வாசலிலேயே மாற்ற உட்கார்ந்தேன்.

கழற்றியபோதுதான் கவனித்தேன். பெட்ரோல் போகும் திசையைக் காட்ட பில்டரின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கிறது. பழையதில் அது எஞ்சினைப் பார்க்காமல் டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன முறை மாற்றிய ரெட்டியார்பாளையம் மெக்கானிக்கை போனில் கேட்டேன்.

"பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டுங்க சார், கொழம்பாதீங்க" என்றார்.

மனைவி பழைய பில்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேங்க்ல இருந்துதானே எஞ்சினுக்குப் போவுது? அப்ப இத்தன நாளு எப்படிங்க ஓடுச்சி?"

 அதற்குள் மகள் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, நான் பஸ்லயே போயிடட்டுமா?"

ரோஷம் வந்துவிட்டது. அம்புக்குறியை எஞ்சின் பக்கம் திருப்பி மாட்டினேன். வண்டி கிளம்பியது. பிள்ளைச்சாவடி தாண்டியும் ஒரு திணறல் இல்லை. மகளை நேரத்துக்கு இறக்கிவிட்டேன்.

அங்கேயே நிற்கும்போது மெக்கானிக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"சார், கடைசியில எந்தப் பக்கம் வெச்சீங்க? நல்லா ஓடுதா? இல்ல, இன்னும் நாலு வண்டிக்கு நான் உங்க பழசு மாதிரியேதான் மாட்டி உட்டிருக்கேன்."

ரெட்டியார்பாளையத்தில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.