கதையில் இல்லாத வட்டவிதானை

கல்முனை பஸாரில் என் புத்தகக் கடையைத் தெரியாதவன் இல்லை. தனியாளாக நின்று எழுப்பிய கடை. நேற்று புதுக் கொப்பிக் கட்டைப் பிரித்தபோது வந்த வாசம் என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்தியது.

எழுபதுகளின் கடைசி. அடுத்த கிழமை படிப்பை நிறுத்தி என்னை வயலுக்குக் கூட்டிப்போக வாப்பா முடிவெடுத்திருந்தார். அதற்குள் ஒரு தடவையாவது என் கட்டுரையைத் தமிழ் படிப்பிக்கும் சேர் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சேர் ஒரு கதை சொன்னார். ஒருவன் வாய்க்காலைத் தானே திறந்து, அயலவனின் காய்ந்த வயலுக்குத் தண்ணீர் விடுகிறான்.

"கதையைத் திருப்பி எழுதாதீங்க. அதைப்பத்தி நீங்க நினைக்கிறதை எழுதுங்க."

எல்லாரும் அவனை நல்லவன் என்றார்கள். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைக் கேட்காமல் திறந்தது பிழை என்று நான் எழுதினேன்.

"கதையில வட்டவிதானையே இல்லையேடா!"

"அதான் சேர் பிழை. ஆளாளுக்குத் திறந்தா கடைசி வயல்காரனுக்குத் தண்ணி வராதே. எங்கட வாப்பா கடைசி வயல்காரன்."

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்காமல் என் கட்டுரையை உரத்து வாசித்தார்.

அடுத்த கிழமை வயலில், எழுத்தறியாத வாப்பா நான் கட்டுரை எழுதிய கொப்பியைத் தலைகீழாக விரித்து வட்டவிதானையிடம் நீட்டினார்.

"என்ர மகன் உங்களைப்பத்தி எழுதியிருக்கான். வாசிங்க."

இன்று என்னைப் புகழ ஊரே இருக்கிறது. ஆனாலும் கொப்பிக் கட்டைப் பிரிக்கும் வேலையை நான் யாருக்கும் விடுவதில்லை.