என்ன வெஞ்சனம்?

கொழும்பிலிருந்து தபாலில் பணம் அனுப்பினால் செலவு கூடுதல், நாளும் இழுக்கும் என்று என் அத்தா, ஆள்விட்டு ஊரில் பணம் சேர்க்கும் உண்டியல்காரர்களிடம் கொடுத்துவிடுவார். திண்டுக்கல்லில் அதைக் கொண்டுவந்து தருபவர், வெயிலிலும் கோட்டுப் பித்தானைக் கழற்றாத ஒல்லி மனிதர். பணத்தைக் கொடுத்ததும், "இன்னைக்கு என்ன வெஞ்சனம், தங்கச்சி?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சொல்லும் பதில் அவருடைய ஆட்கள் மூலம் அத்தாவுக்குப் போகும். அம்மாவும் கடிதத்தில் அதையே எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் பணம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் அம்மா, "முருங்கைக்கீரைப் பொரியல். ஒங்க வீட்ல என்னண்ணே?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் விரித்த குடையை மறுபடி மடக்கினார். "நான் எதைச் சொன்னாலும் ஒத்துப்பாக்க ஆளில்ல, தங்கச்சி" என்றார்.

அன்று அவர் என்ன சாப்பிட்டார் என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.