பத்து மாத வீடு

குற்றாலத்தில் ஒரு வீட்டின் விலை தெரிய வேண்டுமானால் முதலில் மலையைப் பார்க்க வேண்டும். அருவியில் தண்ணீர் விழுந்து, அதில் குளிக்க ஆட்களும் வந்தால், இங்கே இரண்டு அறை ஓட்டு வீடுகூட பங்களாதான். ஆனி, ஆடி இரண்டு மாதமும் வெளியூர்க்காரர்கள் நாள் வாடகைக்கு வீடு கேட்டுத் தெருத்தெருவாக அலைவார்கள். அந்த இரண்டு மாத வரும்படியை மனதில் வைத்துத்தான் வீட்டுக்காரர் விலை சொல்வார். அதையே சொல்லித்தான் நானும் வாங்க வருகிறவரின் தலையைச் சுற்றவிடுவேன். என் பெயர் பேச்சிமுத்து. வீட்டுத் தரகன்.

நோய் வந்த வருஷம் அருவியைப் பூட்டினார்கள். அருவியை எப்படிப் பூட்டுவது என்று கேட்காதீர்கள். குறுக்கே தடுப்பைப் போட்டு நாலு போலீஸ்காரர்களை நிறுத்தினால் பூட்டியதுதான். தண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, கீழே நிற்கத்தான் தலை இல்லை. அடுத்த வருஷமும் அதே கதை. லாட்ஜ் வாசல்களில் புல் முளைத்தது. தென்காசி தனி மாவட்டம் ஆன சூட்டில் வயலை மேடாக்கி மனை பிரித்துக் கலர் கல் நட்டவர்கள் எல்லாம் போனை அணைத்து வைத்துவிட்டார்கள். வீட்டு விலை படுத்துவிட்டது. என் பிழைப்பும் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டது.

ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் பாலம்மாள் வீடு வாங்கினாள்.

பாலம்மாளுக்கு ஐந்தருவி போகும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற பெண்பிள்ளையிடம் பேரம் பேசத் தனித் தைரியம் வேண்டும். எனக்கு அது கிடையாது. புருஷன் சங்கரபாண்டி வேன் ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. ஒரே மகள் ஜெயபிரியா. மூன்று பேரும் வாடகைக்கு இருந்தது வடகரை கிதிர் முகம்மது வீட்டில். அவர் கத்தாரில் வேலை பார்த்து, வருமானத்துக்காக இங்கே வாங்கிப் போட்ட வீடு அது.

கிதிர் முகம்மது நல்ல மனிதர். வாடகையைக் கூட்டியதில்லை, கடுத்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வைகாசிக் கடைசியிலும் போன் பண்ணுவார். "பாலம்மா, சீசன் வருதும்மா" என்பார். அவ்வளவுதான். சீசன் வந்தால் வீடு சீசன்காரர்களுக்கு. குடியிருப்பவர்கள் சாமான்களைப் பின்பக்கக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆடி கழிந்து ஆட்கள் போனதும் திரும்பி வரலாம். இந்தப் பேச்சுக்குச் சம்மதித்துத்தான் இங்கே பாதிப் பேர் வாடகைக்கு வருகிறார்கள். வருஷத்துக்குப் பத்து மாதம்தான் அவர்களுக்கு வீடு.

அந்த இரண்டு மாதமும் பாலம்மாள் குடும்பம் இலத்தூரில், சங்கரபாண்டியின் அண்ணன் பாண்டித்துரை வீட்டில், நெல் மூட்டை அடுக்கிய அறையில் ஒண்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேறு. ஜெயபிரியா புதுப் பையும் பழைய மூட்டையுமாகத்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் போனாள். பாலம்மாள் விடிகாலை பஸ் பிடித்துக் குற்றாலம் வந்து, நாள் முழுக்கச் சீசன்காரர்களுக்குச் சிப்ஸ் போட்டுக் கொடுப்பாள். அவர்களில் சிலர் அதை வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டிலேயே கால் நீட்டிச் சாப்பிடுவார்கள்.

ஒரு ஆடியில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி கடையில் நின்று பீற்றிக்கொண்டாளாம். "எங்களுக்கு அருமையான வீடு கிடைச்சிருக்குக்கா. அடுப்படி ஜன்னலைத் திறந்தா மலை தெரியுது. சாரல் மூஞ்சியில வந்து அடிக்குது. சொர்க்கம்தான் போங்க." அடையாளம் கேட்டால் இவள் அடுப்படி, இவள் ஜன்னல். பாலம்மாள் இதை என்னிடம் சொல்லிக்கொண்டே கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "அந்த சன்னல்ல வெயில் அடிச்சிப் பாத்திருக்கேன், கொசு வந்து பாத்திருக்கேன். சாரல் அடிச்சி நான் பாத்ததில்ல அண்ணாச்சி. ஊரான் பாக்கான்" என்றாள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நோய்க்காலத்தில் சீசன் இல்லாமல் போனதால் அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் வேறு இடி வந்தது. வேலை போய் ஊருக்கு வந்திருந்த கிதிர் முகம்மதுவுக்கு மறுபடியும் கத்தாருக்கு விசா வந்தது. ஆடி முடிவதற்குள் விமானம் ஏற வேண்டும். வருமானம் இல்லாத வீட்டைக் கட்டி அழ அவருக்குப் பிரியமில்லை. "வித்துக் குடுத்துரும் பேச்சிமுத்து" என்றார்.

கிடைத்த ஓரிருவரை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே எனக்கு எமனாக நின்றாள் பாலம்மாள். நான் கூடத்தின் காற்றோட்டத்தைப் புகழ்ந்தால், "அந்த மூலையில மழைக்கு ஒழுகும், சருவத்த வச்சிருவோம்" என்பாள். கிணற்றைக் காட்டினால், "பங்குனியில வாளி தரை தட்டும்" என்பாள். எல்லாம் நிஜம்தான். அதுதான் எனக்குக் கோபம். வந்தவர்கள் போனதும், "ஏ பாலம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? எம் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுதே?" என்று சத்தம் போட்டேன்.

"வேற ஒருத்தன் வாங்கினா எங்கள இருக்க விடுவானா அண்ணாச்சி? நான் வாங்குதேன். பாய்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வடகரையில் அவளுடைய அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் அவள் பங்கைத் தம்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்திருந்தான். மிச்சத்துக்கு நகை இருந்தது. அதுவும் போதாவிட்டால் பேங்கு இருந்தது. எல்லாவற்றையும் அவள் எப்போதோ யோசித்து முடித்திருந்தாள்.

அந்தப் பணத்துக்கு இலத்தூர்ப் பக்கம் இரண்டு மனை வாங்கலாமே என்று தரகன் புத்தியில் சொல்லிப் பார்த்தேன். "மனையில படுத்து ஒறங்க முடியுமா?" என்று கேட்டாள். மறுநாள் அவளை வடகரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கிதிர் முகம்மது வீட்டில் அவருடைய மனைவி ஷஹானா டீ கொடுத்தார். பாலம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "பாய், வந்தவங்ககிட்ட ஒழுகுதுன்னு சொன்னது நான்தான். பொய் சொல்லல. ஒழுகுத வீட்ட நான் வாங்கிக்கிடுதேன். அதச் சொல்லி வெலையக் கொறைக்கவும் மாட்டேன்." அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர், "நீதாம்மா அந்த வீட்டக் கூட்டித் தொடச்சி வச்சிருக்கே. ஒனக்குக் குடுக்கதுல எனக்கு மனசு நெறஞ்சிரும்" என்றார். ஆனால் ஆடி முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான்.

பாலம்மாள் வீட்டில் அப்படியில்லை. செய்தி கேட்டுப் பாண்டித்துரை இலத்தூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆடியில ஒரு வெளக்குமாறு வாங்கவே யோசிப்போம். நீ வீடு வாங்குதியாம்மா? வெல இன்னும் எறங்கும். ஆவணி பொறக்கட்டும், பொறு. ஏலே சங்கரா, நீ என்னலே கல்லு மாதிரி நிக்கே?"

சங்கரபாண்டி கல் மாதிரியே நின்றார். பாலம்மாள்தான் பேசினாள்.

"பெரியத்தான், ஆவணியில ஊரே வாங்க வரும். அருவியத் தொறக்கப் போறாவன்னு இப்பவே பேச்சு ஓடுது. தொறந்துட்டா இந்த வீட்ட நான் வாசல்ல நின்னுகூடப் பாக்க முடியாது. ஆடியில யாரும் வரமாட்டான், அதனாலதான் எனக்குக் கெடைக்குது. இத்தன வருசமும் ஆடியில எங்கள வெளிய அனுப்பினாவல்லா? அப்ப ஒருத்தரும் மாசம் பாக்கலியே."

"எங்க குடும்பத்துல யாரும் சாட்சிக் கையெழுத்துக்கு வரமாட்டோம், பாத்துக்கோ" என்று பாண்டித்துரை எழுந்து போய்விட்டார். சங்கரபாண்டி வாசல்வரை அண்ணன் பின்னால் போய்விட்டு, தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தார். அன்று அவர்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜெயபிரியா பிறகு சொன்னாள்.

முகூர்த்த நாளில் டோக்கனுக்கு அடிதடி நடக்கிற தென்காசிப் பத்திர ஆபீஸில், நாங்கள் பதியப் போன அன்றைக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கிதிர் முகம்மது வந்துவிட்டார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இரண்டாவது சாட்சியாக வருகிறேன் என்ற பக்கத்துக் கடை மசூது போனை எடுக்கவில்லை. பாண்டித்துரை அவனிடமும் பேசியிருக்க வேண்டும். தெருவில் போகிற யாரையாவது பிடித்து வரட்டுமா என்று கேட்டேன். பாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா வேறு ஏதாவதா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

அப்போது சங்கரபாண்டி படியேறி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இலத்தூர் போய் மழையோடு திரும்பியிருக்கிறார்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"என்ன சொன்னிய?"

"கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னேன்."

அவர் அண்ணனிடம் ஒரு முழு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பாலம்மாள் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஆவணி பிறந்ததும் பாண்டித்துரையின் கோபம் ஆறியது. ஆடியில் வாங்கிய தோஷத்தை நல்ல நாளில் பால் காய்ச்சிக் கழித்துவிடலாம் என்று அவரே நேரம் குறித்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சடங்கு முறையும் சொன்னார். முந்தின நாளே சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும், ராத்திரி இலத்தூரில் படுத்துவிட்டு, விடியும் முன் வந்து வலது காலை வைத்து உள்ளே நுழைய வேண்டும்.

"வெளிய போக மாட்டேன்" என்றாள் பாலம்மாள்.

"வெளிய போகாம எப்படிம்மா உள்ள வருவே? அதுக்குப் பேருதான் கிரகப்பிரவேசம்."

"அப்பம் எனக்குப் பிரவேசம் வேண்டாம். இந்தச் சாமான வெளிய எடுத்து எடுத்து என் இடுப்பு ஒடிஞ்சது போதும். பால் மட்டும் காய்ச்சுதேன்."

"ஒரு எட்டு. வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு உள்ள வந்துரு. ஒரே ஒரு எட்டும்மா."

அவள் அந்த ஒரு எட்டும் வைக்கவில்லை. குறித்த நேரத்தில் நாங்கள் எல்லோரும், பாண்டித்துரை உட்பட, வலது காலைப் பார்த்துப் பார்த்து வைத்து உள்ளே போனோம். வீட்டுக்காரி உள்ளேயே நின்றுகொண்டு எங்களுக்குச் சந்தனம் கொடுத்தாள். பால் நன்றாகத்தான் பொங்கியது.

அருவியை மார்கழியில் திறந்தார்கள். விலை எழுந்து உட்கார்ந்தது, நானும் எழுந்தேன். அடுத்த ஆனியில் சாரல் பிடித்ததும் சீசன் கூட்டம் இரண்டு வருஷப் பசியோடு வந்து இறங்கியது.

பாலம்மாள் வீட்டு மதில் சுவரில், கிதிர் முகம்மது காலத்தில், 'சீசனுக்கு வீடு கிடைக்கும்' என்று நீலத்தில் எழுதி என் போன் நம்பரையும் போட்டிருந்தேன். அவள் அதன்மேல் வெள்ளையடித்திருந்தாள். மழைக்குச் சுண்ணாம்பு கரைந்து எழுத்து மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்று வேனோடு தெருவில் நின்று எனக்குப் போன் போட்டது. அவர்கள் சொன்ன வாடகையைக் கேட்டதும் எனக்கே மயக்கம் வந்தது. ஒரு வாரம் கொடுத்தால் பாலம்மாளின் பேங்குத் தவணை நாலைந்து மாதத்துக்குத் தீர்ந்துபோகும். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தரகன் வேறென்ன செய்வான்?

கதவைத் திறந்தது சங்கரபாண்டி. தொகையைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து சுருங்கியது. நகையெல்லாம் அடகில் இருந்தது. உள்ளே திரும்பி, "பாலம்மா, ஒரு வாரம்தான் கேக்காவ. அண்ணன் வீட்டுல இருந்துக்கிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் அடுப்படியில் நின்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஊர் நிறையச் சீசன் கூட்டம் இருக்கும்போது அவள் தன் வீட்டில் சோறு தின்கிற முதல் வாரம் அது. ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. சாரல் உள்ளே வந்து அவள் முகத்தில், கழுத்தில், கையிலிருந்த தட்டில் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

"வீட்டுல ஆளு இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

சங்கரபாண்டி அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைத் தாண்டி மழையில் இறங்கி வேன்வரைக்கும் போனார்.

"வீட்டுல ஆளு இருக்கு" என்றார். வண்டிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார்.