பூட்டியவள்

பால் பொங்குவதற்குள் நாகஜோதி அக்கா ஒரு மந்திரியைக் குற்றவாளியாக்கிவிட்டாள். சீனி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "ரோடு போட்டாரு, சரி. அதுக்கு ஏழபாழ வீட்டயா இடிக்கிறது? நல்லது செஞ்சாலும் செய்யிற மொறன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றபடி அடுப்பைத் தணித்தாள்.

குவைத்தில், ஃபர்வானியாவில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் அவள்தான் மூத்தவள். பரமக்குடிப் பக்கம். எல்லாருக்கும் ஒரே மாலில் துப்புரவு வேலை. தலைவர்களும் தியாகிகளும் அவளிடம் தப்புவதில்லை, சிறைக்குப் போனவரைக்கூட, "பொண்டாட்டி பிள்ளய யாரு பாத்தா?" என்று கேட்பாள். லீவு கேட்க என்ன சொல்வது, ஊரில் மாமியார் போட்ட சண்டைக்கு என்ன பதில், எல்லா யோசனையும் அவளிடம்தான்.

அதே அறையில் இருக்கும் சுந்தராம்பாள் அந்த ஸ்டோர் கதவைப் பூட்டும்வரை.

எங்களோடு வேலை பார்க்கும் ஆமிரா ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். "நாடகம். டூட்டி முடிஞ்சு பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அவர் ஏதோ எடுக்க ஸ்டோருக்குள் நுழைந்ததும், சுந்தராம்பாள் கதவைச் சாத்திப் பூட்டினாள். ஆமிராவை டாக்சியில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். குடல்வால் வெடிக்க இருந்ததாம், பிழைத்துக்கொண்டாள். அவள் சாவியோடு திரும்பி வந்து ஸ்டோரைத் திறந்தபோது சூப்பர்வைசர் மயங்கிக் கிடந்தார். அவரும் பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அறையில் முதல் டீ சுந்தராம்பாளுக்கு. யோசனை கேட்பதும் அவளிடம்.

"சுகர்காரரு அவரு. செத்துருந்தா? ஒரு உசுரக் காப்பாத்த இன்னொரு உசுரப் பூட்டி வைக்கிறதா?" நாகஜோதி அக்கா பாத்திரத்தைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் குரலில் இருந்த காந்தல் எல்லாருக்கும் தெரிந்தது. சுந்தராம்பாளோ, "நீங்க சொல்றது சரிதாங்க்கா. எனக்கும் மனசு கேக்கல" என்றுவிட்டாள். அது அக்காவை இன்னும் எரியவைத்தது.

துணி காயப்போடும்போது நாகஜோதி அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "கதவுக்குப் பக்கத்துல நின்னது நான்தேன். அவ எனக்குப் பின்னால நின்னா. எனக்குத் தோணல, அவளுக்குத் தோணிருச்சு." பிழிந்த துணியை எடுத்து மறுபடியும் பிழிந்தாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்கே வந்துவிட்டார். சூப்பர்வைசர் உள்ளே திரும்பி நின்றதால், பூட்டியது யாரென்று பார்க்கவில்லை. "யார் பூட்டினது? அவள் ஊருக்குப் போகணும், கலாஸ், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் எல்லாரும் போகணும்" என்று இந்தியில் அடித்துப் பேசினார். எங்கள் கண்கள் நாகஜோதி அக்காவிடம் போயின. காட்டிக்கொடுத்துவிடுவாள் என்றே நினைத்தோம்.

சுந்தராம்பாள் ஓரடி முன்னே வைத்தாள். நாகஜோதி அக்கா அவளைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, மேனேஜருக்கு நேரே போய் நின்று கையை உயர்த்தினாள்.