ஓட்டுநரிடம் பேசாதீர்கள்

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். முகம் பார்த்துப் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவாள். நானோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அடுத்தவர் கண்ணுக்குள் பார்ப்பதே என் பிழைப்பு. எங்களுக்குள் எப்படி ஒத்துப்போனது என்று சொந்தக்காரர்கள் இன்னமும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அவள் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து முதன்முதலில் பேச்சுக் கொடுத்தேன். வாயைத் திறக்காமல் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள்: ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.’ பிறகு பழக்கமாகி, விடுமுறை நாட்களில் அவளுடைய பழைய காரில் சுற்றினோம். அப்பா இறந்துபோனது, அம்மாவோடு தனியாகச் சமாளித்தது, டிப்போவில் முதல் நாள் வாங்கிய கேலி, எல்லாவற்றையும் சாலையைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, ஓட்டலில் எதிரே உட்கார வைத்து, “கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டேன். டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “புது பஸ்ஸுல பிரேக் ரொம்ப இறுக்கமா இருக்கு” என்றாள். சில மாதம் கழித்து மறுபடி கேட்டேன். “அப்புறம் பேசலாமே” என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இனிமே நான் கேக்கவே மாட்டேன். உனக்குத் தோணினா நீயே கேளு.”

சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து போன் அடித்தாலே அவள்தானா என்று ஓடினேன். அவள் கேட்காமலே இருந்துவிட்டால்?

அப்போதுதான், வெளிநாட்டுக்கு ஒரு சுற்றுலா போகலாம் என்று அவளே டிக்கெட் எடுத்தாள். விமான நிலையத்தில் அவள் அம்மா போனில், “நல்ல சேதியோட வாடி!” என்று கத்தியது எனக்கே கேட்டது. அடடா, கேட்கப் போகிறாள் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

இறங்கியதும் நேராக வாடகைக் கார் கடைக்கு இழுத்துப் போனாள். வெளிநாட்டில் ஓட்டத் தனி உரிமம் வேண்டுமாம். அதை அவள் எடுத்து வரவில்லை.

“அவ்ளோ பெரிய பஸ் ஓட்டுறேன். இத்தனூண்டு கார் தர மாட்டாங்களாம்!”

நான் சிரித்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அவளுடைய திட்டமே அந்தக் கார்தான் என்று பிறகுதான் புரிந்தது.

அதன்பின் அவள் பட்ட பாடு இருக்கிறதே! சாப்பாட்டு மேசையில், “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்பாள். நான் நிமிர்ந்து பார்ப்பேன். “அந்த உப்பை எடு” என்பாள். சுற்றுலாப் பேருந்தில் பயணிகளோடு உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். நானே கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் வீம்பு விடவில்லை.

கடைசி நாள் ஒரு ஏரிக்குப் போனோம். கரையில் பெடல் படகுகள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, படகைத் திருப்ப ஒரு சின்னக் கைப்பிடி. அதைப் பார்த்ததும் அவள் கண்ணில் உயிர் வந்தது. “ஏறு!” என்று சொல்லிவிட்டு எனக்கு முந்தி ஏறி உட்கார்ந்தாள்.

நடு ஏரிக்கு வந்ததும், கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

“அம்மாவைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. அவங்களும் நம்ம கூடத்தான் இருப்பாங்க. இதைச் சொன்னா நீ ஓடிடுவியோன்னு பயம். அதான் ரெண்டு தடவையும் மழுப்பினேன். இப்போ கேக்கறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா?”

இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் இருவரும் செத்துப் பிழைத்தோம்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“உங்கம்மா வருவாங்கன்னுதான் நான் எப்பவும் நெனச்சிட்டிருக்கேன். நீ மட்டும் தனியா வந்தாதான் யோசிக்கணும்.”

சிரித்தாள். பார்வை மட்டும் எதிர்க்கரையிலேயே இருந்தது.

“என்னைப் பாத்துக் கேளு. அப்பத்தான் பதில்” என்றேன்.

பெடலை வேகவேகமாக மிதித்தாள்; எதிர்க்கரை நெருங்கி வந்தது. பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். எத்தனையோ பேர் கண்ணைப் பார்த்தவன் நான். இவ்வளவு பயத்தோடு, இவ்வளவு ஆசையோடு ஒரு ஜோடிக் கண் என்னைப் பார்த்ததில்லை.

“பண்ணிக்கறியா?”

“பண்ணிக்கறேன்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படகு தடாலென்று கரையில் மோதியது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். படகுக்காரர் தன் மொழியில் கத்திக்கொண்டு கரையைச் சுற்றி ஓடி வந்தார். பேருந்தில் ஒரு கீறல்கூட விழ விடாதவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

“ஓட்டுறவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அன்னிக்கே காட்டினேன் இல்ல?”