மின்னல் போட்ட மூன்று நட்சத்திரம்

நீங்கள் கடைசியாகத் தங்கிய விடுமுறை வீட்டைப் பெருக்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியவே கூடாது என்றுதான் நீங்கள் கிளம்பிய பிறகு அவர் வருகிறார், அடுத்த ஆள் வருவதற்குள் போய்விடுகிறார்.

இவர் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். கூட வேலை செய்பவர்கள் மின்னல் என்று கூப்பிடுவார்கள். பதினொரு மணிக்குப் பழைய விருந்தாளிகள் காலி செய்ய, ஒரு மணிக்குப் புது விருந்தாளிகள் நுழைவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் மூன்று வீடுகள். வீட்டுக்கு நாற்பது நிமிடம். துடைப்பத்தோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்பதால் ஐந்து மாடியும் படியில்தான். பதினொரு வருடமாக இதே ஓட்டம்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவை ஒரு நாள் கடற்கரைப் பக்கம் தங்கவைக்க நினைத்தாள்.

"எந்த வீடும்மா வேணும்?"

"அஞ்சாவது மாடி. நான் பெருக்குற வீடு. அதவிட சுத்தமா வேற எங்க இருக்கப்போகுது?"

குறிப்பிட்ட நாளன்று அந்த வீட்டைக் கடைசியாகப் பெருக்கி, படியிறங்கி, வாளியைக் கீழே சாமான் அறையில் வைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, ஒன்று பத்துக்குக் குடும்பத்தோடு முன்வாசல் வழியாக நுழைந்தார் மின்னல்.

"என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார் காவலாளி.

"கெஸ்ட்டுப்பா நான். பெட்டிய தூக்கு."

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்டில் மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"ஏழு தடவ ஆச்சு. எனக்குத் தல சுத்துது," என்றார் வெல்டிங் வேலை செய்யும் கணவர்.

"நீங்க எறங்கிக்கங்க. நான் இன்னும் ரெண்டு ரவுண்டு போறேன்."

நகரத்தின் மையம், கடற்கரைக்கு நான்கே நிமிடம் என்று விளம்பரம் சொன்னது. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "நாலு நிமிஷம் பதினஞ்சு செகண்டு. பொய் சொல்றானுங்க." அலையில் விழுந்து புரண்டு, பாதத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினார்கள். வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகம் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைக்கும் துண்டுகளில் மின்னல் ஒருவரே மூன்றைக் காலி செய்தார். பிறகு கட்டிலில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, உனக்கு என்ன வயசு?"

"இன்னைக்கு மட்டும் கேக்காத."

ஐந்தாவது குதிப்பில் தோடு கழன்று கட்டிலுக்கடியில் போனது. கணவரும் மகளும் கட்டிலை நகர்த்தினார்கள். அங்கே தோடு இருந்தது. கூடவே தூசி படிந்து சாம்பல் நிறமாகிவிட்ட மணல், ஒரு பொத்தான், யாரோ ஒரு குழந்தையின் பிளாஸ்டிக் மீன். நாற்பது நிமிடத்தில் கட்டிலை நகர்த்த எப்படி முடியும்? மின்னல் குனிந்து அந்த மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள், வீட்டைப் பதிவு செய்த செயலி மகளின் கைபேசியில் கேட்டது: சுத்தத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

"அஞ்சு போட்டுட்டு வா," என்றார் கணவர்.

"மணல் இருந்துச்சுல்ல?" மூன்றைத் தட்டினார் மின்னல். கீழே எழுதவும் மகளிடம் சொன்னார்: "கட்டிலுக்கு அடியில் மணல். பெருக்குபவருக்கு நேரம் போதவில்லை."

வானத்து நட்சத்திரங்களால் யாருடைய வேலையும் போவதில்லை. கைபேசி நட்சத்திரங்களால் போகும். மூன்று நாளில் மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார்.

"ஒங்க மேல கம்ப்ளெயின்ட் வந்திருக்கும்மா. மூணு ஸ்டார். லிஸ்ட்லேருந்து ஒங்க பேர எடுத்தாச்சு."

"அந்த கெஸ்ட்டு நான்தான் சார்."



"ஒங்களுக்கு நீங்களே எதுக்கும்மா..."

"பதினோரு வருஷமா நேரம் பத்தலன்னு சொல்றேன். பெருக்குறவ சொன்னா ஒங்க காதுல விழல. கெஸ்ட்டு சொன்னா விழுதுல்ல?"

"சரி, போட்ட ஸ்டார மாத்த பதினாலு நாள் டைம் இருக்கு. மூண அஞ்சா மாத்திடுங்க. வேல திரும்பக் கெடைக்கும்."

"நீங்க நாப்பது நிமிஷத்த ஒரு மணி நேரமா மாத்துங்க சார். நான் அஞ்சா மாத்துறேன்."

பேச்சு முடிந்ததும் மின்னல் சோபாவில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்னை நானே வேலைய விட்டுத் தூக்கிட்டேன்டி," என்றார் மகளிடம். மகளும் சிரித்தாள், கணவரும் சிரித்தார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எங்கே போவது என்பது மூவருக்கும் தெரியாது.

பொய்யாக ஐந்து போட்டால் வேலை நிலைக்கும், உண்மையாக மூன்று போட்டால் பறிபோகும். இதை ஒழுங்கு என்று சொல்கிறவர்கள் ஒரே ஒருநாள் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறட்டும்.

பதினான்கில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. இப்படி ஒரு வீட்டில் நீங்கள் தங்கியிருந்தால், இன்றைக்கே கைபேசியை எடுத்து, அதை நடத்துகிறவர்களுக்கு விருந்தாளியாக ஒரு வரி எழுதுங்கள்: பெருக்குபவருக்கு வீட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். நீங்கள் சொன்னால் அவர்கள் காதில் விழும்.