சமையல்காரர்: ஆயிரத்து நாற்பத்தாறு கட்டங்கள்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி முப்பது நிமிடம். கடலூரில் காற்று அசையவில்லை. வாசல் கம்பியில் கட்டியிருக்கும் வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. தெற்கே இரண்டு முறை மின்னியது. மழை வாசனை இல்லை. சிப்காட் ரசாயன ஆலைகளின் வாசனைதான் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் ஜப்பானில் ஒரு படக்கதையின் அந்த வாரத்து அத்தியாயத்தை வெளியிட்டார்கள். அங்கே அப்போது திங்கட்கிழமை பிறக்கிறது. நான் எட்டு மணிக்கே சாப்பிட்டுக் கை கழுவி, கண்ணாடியைத் துடைத்து, மின்சாரம் போய்த் தொலைந்தால் என்ன செய்வது என்று டேப்லெட்டை முழுதாக சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். டிரம், வால்வு, கையுறை, எது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எண்ணி எழுதுவது என் வேலை. மனைவி இறந்து நான்கு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேசுவாள். சராசரியாக ஆறு நிமிடம். கண்புரை அறுவைக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிச் செய்தித்தாள் படிக்கட்டும் என்று தன் பழைய டேப்லெட்டைக் கொடுத்தாள். அதில் அவள் எப்போதோ போட்டு மறந்துபோன மங்கா ஆப் ஒன்று இருந்தது. மங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதை. வாரம் ஒரு அத்தியாயம், பத்தொன்பது பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு அது டிங் என்றது. சத்தத்தை அணைக்கப் போய்க் கதையைத் திறந்துவிட்டேன்.

முதல் எட்டு அத்தியாயங்களை இடமிருந்து வலமாகப் படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பதில் முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது. அடிபட்டு விழுந்தவன் எழுந்த பிறகு அடித்தவன் கையை ஓங்கினான். என்ன ஆழமான யோசனை என்று வியந்தேன். ஒன்பதாவதில்தான் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியைப் பார்த்தேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கதை இதுதான். கடலோரத்தில் ஏழு கலங்கரை விளக்கங்கள், ஏழு காவலர்கள். கடலிலிருந்து ஏறிவரும் பிராணிகளோடு அவர்கள் சண்டை போடுவார்கள். மூன்றாவது விளக்கத்தில் ஒரு சமையல்காரர் இருக்கிறார். வயதானவர், சண்டைக்குப் போகாதவர். சண்டை முடிந்து வருகிறவர்களைத் தலை எண்ணி, அத்தனை தட்டு போடுவார். அவர் தோன்றிய படக் கட்டங்களை நான் எண்ண ஆரம்பித்தேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணினேன்.

எண்ணியதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. இணையத்தில் தேடிப் பார்த்ததில், இந்தக் கதையைப் படிக்கும் தமிழ் ஆட்களின் குழு ஒன்று கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யாருடைய தொலைபேசி எண்ணும் தெரியாது, பெயரும் தெரியாது. எனக்கு அங்கே 'கணக்கு' என்று பெயர். சுத்தமான தமிழில் எழுதுகிறேன் என்பதால் கிண்டலுக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். சி.ஏ. படிக்கிற பையன் என்று ஒருவன் முடிவு கட்டினான். நான் மறுக்கவில்லை. அது பொய் இல்லை, ஆனால் நேர்மையும் இல்லை என்று பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

அந்தக் குழுவில் எனக்கு வாரா வாரம் பதில் போட்டவர் ஒருவர்தான். சிதம்பரம் கீழ வீதியில் மாலை நேரச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். கடை முன்னால் தான் நிற்கும் படத்தைப் போட்டிருந்ததால் அது தெரியும். வயது முப்பத்தைந்து இருக்கும். சோறு வடிக்கிறவன் கதாநாயகன் பக்கத்தில் நிற்கிற ஒரே கதை இதுதான் என்று அவருக்குச் சமையல்காரர் மீது அத்தனை பிரியம்.

"கட்டத்த எண்ணிக்கிட்டே இருந்தா கதைய எப்ப மச்சான் படிப்ப?" என்று கேட்பார்.

நூற்று முப்பத்தோராவது அத்தியாயத்தில் சமையல்காரர் ஏழு பேருக்கு மூன்று குவளை அரிசி களைந்தார் என்று எழுதினேன்.

"மூணு குவள ஏழு பேருக்கு எப்டிடா பத்தும்? வரையறவன் வீட்ல சோறே ஆக்குனது இல்ல போல."

"குவளையின் அளவு நமக்குத் தெரியாது."

"நீ ஒரு நாள் என் கடைக்கு வா, குவளையால அடிக்கிறேன். அப்ப அளவு தெரியும்."

இரண்டு வாரம் இந்தச் சண்டை நடந்தது. அந்த இரண்டு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அத்தியாயம் வந்த நேரத்திலிருந்து செவ்வாய் இரவு எட்டரை வரை பொதுக்குழுவில் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. படித்தவர்கள் பேசுவதற்குத் தனி அறை இருக்கிறது. மீறிச் சொல்லி அடுத்தவன் படிப்பைக் கெடுத்தால் வெளியே போக வேண்டியதுதான். எவனுக்குக் கெட்டதோ அவனே வந்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மட்டும் திரும்ப வரலாம். என் வாராந்திர எண்ணிக்கையைப் பொதுக்குழுவில் போட அனுமதி இருந்தது. வெறும் எண்தானே, அதில் கதை எங்கே இருக்கிறது என்று விட்டிருந்தார்கள்.

ஜூலை 13 அன்று வந்த அத்தியாயத்தில் சமையல்காரர் இறந்துபோனார். மூன்றாவது விளக்கத்தின் காவலன் கீழே சண்டையில் இருக்கும்போது மேலே விளக்கு சாய்கிறது. இவர் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிப் போய், கொதிக்கிற கண்ணாடியை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கப்பல் கரை சேரும் வரை. கடைசிக் கட்டத்தில் சமையலறை ஆணியில் அவருடைய மேல்துணி தொங்குகிறது. அதை அவர் தோன்றிய கட்டமாக எடுப்பதா வேண்டாமா என்று பத்து நிமிடம் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு வழக்கம் போலப் பொதுக்குழுவில் எண்ணிக்கையைப் போட்டேன்.

ஸ்டோரில் ஒரு சரக்கு தீர்ந்து, இனி வாங்கப் போவதில்லை என்று ஆகிவிட்டால், அந்தப் பக்கத்தில் கடைசி எண்ணுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு 'முடிக்கப்பட்டது' என்று எழுதுவோம். முப்பத்தொரு வருடம் எழுதிய கை. சமையல்காரர், ஆயிரத்து நாற்பத்தாறு, கீழே இரட்டைக் கோடு, முடிக்கப்பட்டது. நான் கதையைச் சொல்லவே இல்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

சிதம்பரத்துக்காரருக்கு ஞாயிறு வியாபாரம் ஜாஸ்தி. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மதியம் குளித்துச் சாப்பிட்டு, பாயை விரித்துப் படுத்துக்கொண்டு படிப்பார். அதுவரை எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். தோசைக்கு நடுவில் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்பது பன்னிரண்டுக்கு அவருடைய குரல் பதிவு வந்தது. பின்னால் கல்லில் மாவு சுரீர் என்றது.

"ஏன் மச்சான்? வாரம் பூரா அதுக்குத்தான கெடந்தேன்."

அவ்வளவுதான். ஒன்பது இருபதுக்கு என்னை நீக்கிவிட்டார்கள். தனியாக எழுதலாம் என்று பார்த்தேன். தனிச் செய்தி வராதபடி அவர் அடைத்து வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு தனியாகப் படித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் படித்தேன். அதில் ஒரு பிழை கிடைத்தது. மூன்றாவது விளக்கத்துக்கு இப்போது முந்நூற்று எட்டு படிதான் வரைந்திருந்தார்கள். சொல்ல ஆள் இல்லை. காலையில் பால் பாக்கெட் போடுகிறவரிடம் சொன்னேன்.

"கலங்கரை விளக்கத்தில் நான்கு படி குறைகிறது."

"கவர்மெண்ட்டு வேல அப்டித்தான் சார் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். 

அந்த வாரம் நான் மனிதரோடு பேசியவற்றை எண்ணிப் பார்த்தேன். மகளைச் சேர்த்துப் பதினான்கு வாக்கியம்.

புதன்கிழமை மதியம் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது. போய் என்ன சொல்வது என்று ஆலப்பாக்கம் வரை ஒரு மாதிரியும், புதுச்சத்திரம் தாண்டி வேறு மாதிரியும் யோசித்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

கடையை அப்போதுதான் திறந்திருந்தார். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. காதோரம் நரை.

"வாங்க மாமா. இட்லி ரெடி. தோசைக்கு அஞ்சு நிமிஷம் ஆவும். கிள்ளைலேந்து வந்த எறா, தொக்கு போட்டிருக்கேன், சூடா."

இரண்டு இட்லி சாப்பிட்டேன். சொல்ல வரவில்லை. முறுகலாக ஒரு தோசை கேட்டேன். சொல்ல வரவில்லை. மூன்றாவதாகத் தொக்கும் வாங்கினேன். அந்த எண்ணெய் எனக்கு ஆகாது.

"தண்ணி வைக்கட்டுமா மாமா? வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு."

"ஆயிரத்து நாற்பத்தாறு நான்தான் போட்டேன்," என்றேன்.

கரண்டி நின்றது. என் முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"கணக்கா? நீங்களா?"

"தெரிந்து செய்யவில்லை. ஸ்டோர் பழக்கம். கோடு போட்டுவிட்டேன்."

"ஐயோ சாமி." தலையில் அடித்துக்கொண்டார். "ஒங்களையா நான் குவளையால அடிப்பேன்னு சொன்னேன்?"

"அது பரவாயில்லை. நன்றாக இருந்தது."

"எங்கப்பா வயசு ஆவும் ஒங்களுக்கு. வாடா போடான்னு பேசியிருக்கேன். மன்னிச்சுக்குங்க மாமா."

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அவர் என்னைப் பேசவே விடவில்லை. சமையல்காரர் செத்தது பிடித்திருந்ததா என்று கேட்டேன். செத்தது தெரிந்தே படித்ததால் முதல் பக்கத்திலேயே அழுதுவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் பத்தொன்பது பக்கமும் அழலாமே, இலாபம்தானே என்றேன். முன்பு குழுவில் சொல்லியிருந்தால் இதற்கு ஒரு வசவு விழுந்திருக்கும். அவர் சிரித்துவிட்டு, இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். என் முன்னாலேயே போனை எடுத்து, கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினார். என் வயதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா."

சொல்லவும் இல்லை. மற்றவர்கள் என்னை இன்னும் சி.ஏ. படிக்கிற பையனாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்த ஞாயிறு நான் திரும்ப உள்ளே வந்ததும், முந்நூற்று எட்டு படி விஷயத்தை எழுதினேன். அவர் உடனே, "கரெக்ட்டா கவனிச்சிருக்கீங்க," என்று போட்டார். அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொன்னேன். புதிதாக வந்த சமையல்காரி மீனை உப்புப் போடாமல் வறுக்கிறாள், அதுதான் சரியான முறை என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். எந்தச் சமையல்காரனும் பொறுக்க மாட்டான். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"என்னடா கணக்குக்குப் போய் மரியாத குடுக்குற?" என்று ஒருவன் கேட்டான்.

அதன் பிறகு நான்கு அத்தியாயங்கள் வந்துவிட்டன. ஒன்றிலும் அவர் என்னோடு சண்டை போடவில்லை. கடைக்கு வாருங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் தனியாக எழுதுகிறார். மகளும் அதைத்தான் சொல்கிறாள். சிதம்பரத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாமோ என்று ஞாயிறுதோறும் எட்டரை மணிக்குத் தோன்றுகிறது. போகாமல் இருந்தாலும் அவர் கிடைத்திருக்க மாட்டார்.

சிதம்பரம் போன அன்று பேருந்துக்குப் போக வர எண்பத்து நான்கு. பேருந்து நிலையத்திலிருந்து கீழ வீதிக்கு ஆட்டோ அறுபது, திரும்பும்போது நடந்தேன். சாப்பிட்டதற்குக் காசு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மாவு எடுக்க உள்ளே போனபோது டம்ளருக்கு அடியில் நூற்றைம்பது வைத்துவிட்டு வந்தேன். மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய்.